நிலத்தடி நீரை யார் பொறுப்பில் விடுவது? சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கிணறு வருஷா வருஷம் இறங்குது. ஊர்க் கூட்டம் போட்டு நாமே கட்டுப்பாடு வைக்கலாமா, அரசாங்கத்துக்கு மனு கொடுக்கலாமா, இல்லை குடிநீர் வாரியம் கேட்டால் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அந்தப் போகத்தைச் சும்மா விடலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்கள். சாய்வதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள் இவை.

சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் தொடங்கி, நிலம் யாருடையதோ, அதன் அடியில் உள்ள நீரும் அவருடையதே என்ற எண்ணம்தான் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் நீருக்கு வரப்பு கிடையாது. உங்கள் கிணற்றில் நீங்கள் மிச்சம் வைப்பது பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டாருக்குப் போய்ச் சேரும். இந்தப் பயம் தீராதவரை யாரும் மோட்டாரை நிறுத்த மாட்டார்கள். அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியையும், நான் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்துவார் என்ற உறுதியை அது எந்த அளவுக்குத் தருகிறது என்று பார்த்தே எடைபோடுகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லை. ஊராட்சி எல்லையும் நீர்ப்படுகையின் (நிலத்தடியில் நீர் தங்கும் மண், பாறை அடுக்கின்) எல்லையும் ஒன்றல்ல. ஆரணி, கொசஸ்தலை ஆறுகளின் மணல் படுகையில் பத்து ஊர் ஒரே தொட்டியில் குடிக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துப் பாறைப் பகுதியில் ஒரே ஊருக்குள் மூன்று தனித்தனிக் குண்டுகள், அதாவது பாறைக்குள் நீர் தேங்கும் பள்ளங்கள், இருக்கும். ஏற்பாடு எந்த எல்லைக்குள் நடக்கிறதோ, நீர் அதற்குள் நிற்கிறதா?

அளவு. எவ்வளவு எடுத்தோம் என்று சொல்ல முடிகிறதா? தமிழ்நாட்டில் இலவச மின்சார இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. ஆக, எடுத்த நீருக்கும் கணக்கில்லை, எரிந்த மின்சாரத்துக்கும் கணக்கில்லை.

வெளியாள். ஊருக்குக் கட்டுப்படாதவர், அதாவது லாரிக்காரர், தண்ணீர்க் கேன் கம்பெனி, மனை போட்டவர், புதிதாகப் போர் போடுபவர், இவர்களைத் தடுக்க இந்த ஏற்பாட்டுக்குக் கை இருக்கிறதா?

சுமை. கிணறு இல்லாத குத்தகைதாரர், நடவுக்குப் போகும் பெண்கள் இவர்கள் தலையில் எவ்வளவு விழுகிறது?

மழை பொய்த்த ஆண்டு. நல்ல மழை பெய்த ஆண்டில் எல்லா ஏற்பாடும் வேலை செய்யும். 2019 மாதிரி ஒரு ஆண்டில் எது நிற்கும்?

## அதற்கு முன், ஒரு சின்னக் கணக்கு

ஒரு ஏக்கரில் 1 மி.மீ. நீர் நின்றால் அது 4,047 லிட்டர். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. பருவமழை முடிந்து வரும் நவரைப் போகத்தில் மழையை நம்ப முடியாது, கிட்டத்தட்ட எல்லாம் கிணற்று நீர்தான். அதாவது ஏக்கருக்குச் சுமார் 48.6 லட்சம் லிட்டர்: 12,000 லிட்டர் லாரியில் 405 நடை.

இதில் ஒரு பங்கு மறுபடி மண்ணுக்குள் இறங்கும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீட்டு முறையில், கிணற்றுப் பாசன நெல்லுக்கு நீர்மட்டம் 10 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருந்தால் 35 சதவீதம் திரும்புவதாகக் கொள்கிறார்கள். மற்றப் பயிர்களுக்கு 15 சதவீதம். அப்படிப் பார்த்தால் படுகையிலிருந்து உண்மையில் போவது:

| பயிர் | ஒரு போக நீர் | ஏக்கருக்கு எடுப்பது | திரும்பியது போக |
|---|---|---|---|
| நெல் | 1,200 மி.மீ. | 48.6 லட்சம் லி. | 31.6 லட்சம் லி. |
| நிலக்கடலை | 500 மி.மீ. | 20.2 லட்சம் லி. | 17.2 லட்சம் லி. |
| கேழ்வரகு | 350 மி.மீ. | 14.2 லட்சம் லி. | 12 லட்சம் லி. |
| உளுந்து | 280 மி.மீ. | 11.3 லட்சம் லி. | 9.6 லட்சம் லி. |

லாரியில் ஏறிய நீருக்குக் கடைசிப் பத்தி கிடையாது. அதில் ஒரு சொட்டும் திரும்பாது.

இப்போது 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம், ஏறக்குறைய 990 ஏக்கர். மணல் படுகை தன் கன அளவில் பத்தில் ஒரு பங்கு நீரை விட்டுக்கொடுக்கும் என்று வைத்தால், மட்டம் ஒரு மீட்டர் இறங்குவது 40 கோடி லிட்டர். அதே பரப்பு சிதைந்த பாறையானால் விட்டுக்கொடுப்பது 2 சதவீதம் அளவில்தான் இருக்கும். அங்கே ஒரு மீட்டர் என்பது வெறும் 8 கோடி லிட்டர். ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழையில் கிழக்குக் கடற்கரை வண்டல் பகுதிக்கு 16 சதவீதம் உள்ளே இறங்குவதாகக் கொண்டால் 76.8 கோடி லிட்டர் வரவு. ஆற்றுக்கும் கடலுக்கும் தானாகக் கசிவதில் பத்து சதவீதம் கழித்தால் 69 கோடி. நவரை நெல் மட்டும் போட்டால் 218 ஏக்கருக்கு ஆகும். 990-ல் 218. அதற்குமேல் போடும் ஒவ்வொரு ஏக்கரும் சேமிப்பைத் தின்கிறது. அதையடுத்த நெல் போகமான சொர்ணவாரியும் போட்டால் இந்த 218-ஐ இரண்டு போகத்துக்கும் பங்கு போட வேண்டும்.

ஒரு நாளைக்கு 50 லாரி வீதம் 120 நாள் என்றால் 7.2 கோடி லிட்டர். லாரியைத் திட்டாத ஊர் இந்தப் பக்கம் இல்லை, ஆனால் மணல் படுகை ஊரில் இது மட்டத்தை 18 சென்டிமீட்டர்தான் இறக்கும். சுமார் 23 ஏக்கர் நெல்லுக்குச் சமம். ஊரே சேர்ந்து போடும் நவரையோடு ஒப்பிட்டால் சிறியது. பாறை ஊரிலோ அதே லாரிகள் மட்டத்தை 90 சென்டிமீட்டர் இறக்கிவிடும். அதோடு ஐம்பது லாரியும் ஒன்றிரண்டு கிணற்றைச் சுற்றியே நிற்பதால், அக்கம்பக்கத்துக் கிணறுகள் இந்தச் சராசரிக்கு வெகுமுன்பே வற்றும். கடலோரத்தில் இன்னும் மோசம்: அங்கே பிரச்சினை உவர்நீர் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது, அதை இந்தக் கணக்கு சொல்லாது.

லாரியா, நெல்லா என்ற சண்டைக்கு உங்கள் ஊரின் விடை எது என்பதைக் காலடியில் இருப்பது மணலா பாறையா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

## வழி 1: உரிமமும் அரசுக் கண்காணிப்பும்

சென்னைக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்தது. நகரத்திலும் பட்டியலிட்ட சுற்றூர்களிலும் கிணறு தோண்ட அனுமதி, வீட்டு உபயோகத்தைத் தாண்டி நீர் எடுக்க உரிமம், லாரியில் ஏற்றிச் செல்லத் தனி உரிமம். மாநிலம் முழுமைக்குமாக 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறை காணாமலே 2013-ல் நீக்கப்பட்டது. அதன் பிறகு 2014-ல் வந்த பொதுப்பணித் துறை அரசாணை எண் 142, குறுவட்டங்களை (பல ஊர்கள் சேர்ந்த பிர்காக்களை) அதிநுகர்வு, அபாயம், பகுதி அபாயம், பாதுகாப்பு என்று பிரித்து, அதற்கேற்பத் தடையில்லாச் சான்று தரும் முறையை வகுத்தது. ஆண்டு வரவில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பு, 70–90 பகுதி அபாயம், 90–100 அபாயம், வரவைவிட அதிகம் எடுத்தால் அதிநுகர்வு.

வெளியாளைத் தடுக்க இதைவிட வலுவான கருவி இல்லை. கேன் கம்பெனிக்குத் தடையில்லாச் சான்று உண்டா என்று கேட்க ஊராட்சிக்கு உரிமை இருக்கிறது. இல்லாவிட்டால் தாசில்தாரிடம் மனு கொடுக்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியின்றி வணிகத்துக்கு நீர் எடுப்பதைத் திருட்டாகக் கருதி வழக்குப் பதியலாம் என்றே சொன்னது.

ஆனால் விவசாயிகளுக்குள்ளான பகிர்வை இது தொடுவதே இல்லை. குறுவட்டம் என்பது பல ஊர்களின் சராசரி: ஆற்றோரத்து ஊர் நிறைந்திருக்க, மேட்டு ஊர் காய்ந்திருக்க, தாள் "பாதுகாப்பு" என்று சொல்லும். கண்காணிக்க வருபவர் ஒருவர், கிணறுகள் ஆயிரக்கணக்கில். பகலில் சீல் வைத்த போரிலிருந்து ராத்திரியில் லாரி நிறைவது யாருக்கும் புதிய செய்தி இல்லை. மறைவான செலவு ஒன்றும் உண்டு: தடை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே போர் வண்டிகள் ஊரில் வரிசை கட்டும். வருவதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஒரே ஆண்டில் கிணறு எண்ணிக்கை ஏறிவிடும்.

எப்போது பொருந்தும்: உங்கள் முக்கியப் பகையாளி வணிக எடுப்பு என்றால், ஊர் நகர விளிம்பில் மனைகளாக மாறிக்கொண்டிருந்தால். சண்டை பம்புசெட்டுகளுக்குள் என்றால் இதை நம்பி உட்கார வேண்டாம்.

## வழி 2: ஊரே கணக்குப் போட்டு, ஊரே கட்டுப்படுவது

இரண்டு மாதிரிகள் உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பல ஊர்க் கூட்டங்கள் வீணாகின்றன.

முதலாவது, அன்றைய ஆந்திராவில் 2003 முதல் ஏழு வறண்ட மாவட்டங்களில் நடந்த விவசாயிகள் நிலத்தடி நீர்த் திட்டம். அங்கே தடை என்பதே கிடையாது. விவசாயிகள் தாங்களே மழைமானியும் நீர்மட்டமும் பார்த்து எழுதினார்கள், ரபி (குளிர்காலப் போக) விதைப்புக்கு முன் கூடி "இவ்வளவு வரவு, நாம் நினைக்கும் பயிருக்கு இவ்வளவு தேவை, இவ்வளவு பற்றாக்குறை" என்று கணக்குப் போட்டார்கள். பிறகு அவரவர் விருப்பம். கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு பலர் தாமாகவே நெல் பரப்பைக் குறைத்தார்கள், ஏனென்றால் ஏப்ரலில் காயப்போகும் பயிருக்கு ஜனவரியில் விதை வாங்க யாருக்கும் ஆசை இல்லை.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார். ஆண்டுக்கு 400 மி.மீ. அளவில்தான் மழை. பாசனத்துக்குப் போர் போடத் தடை, கரும்புக்குத் தடை, ஒவ்வோர் ஆண்டும் நீர் வரவு செலவு. இங்கே தடை உண்டு, அதை நிலைநிறுத்தும் தலைமையும் 1989 முதல் தொடர்ச்சியாக உண்டு. அந்தத் தலைமையை உங்கள் ஊருக்கு அஞ்சலில் அனுப்ப முடியாது. ஆகவே பெரும்பாலான ஊர்கள் முதல் மாதிரியில் தொடங்குவதே நல்லது.

செய்முறை பெரிய வித்தை அல்ல. பத்து இருபது கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள்; மேடு, பள்ளம், ஆற்றோரம், ஊராட்சிக் குடிநீர்ப் போர் எல்லாம் சேர்ந்திருக்க வேண்டும். மாதம் இருமுறை, காலையில் மும்முனை மின்சாரம் வருவதற்கு முன், மோட்டார் நின்று ஆறு மணி நேரமாவது ஆன பிறகு அளக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றில் அளந்தால் மோட்டாரின் இழுப்பைத்தான் அளக்கிறீர்கள். திறந்த கிணற்றுக்கு நுனியில் கனம் கட்டிய டேப் போதும். சப்மெர்சிபிள் இறக்கிய போரில் டேப் கேபிளில் சிக்கிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டாரை மேலே எடுக்கும்போது டெலிவரி பைப்போடு சேர்த்து முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றை இறக்கிவிட்டால், டேப் அதன் வழியே சிக்காமல் போகும். கேசிங் தரைக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைக் கழிக்க மறக்காதீர்கள். இந்த ஒரு தவறால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் அரை மீட்டர் வித்தியாசம் வந்து, "அளவே பொய்" என்று கூட்டம் கலைந்துபோகும்.

எடுப்பை அளக்க 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். 25 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர். ஸ்டார்ட்டர் பெட்டியில் மணிக்கணக்கு மீட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால் மீதியைப் பெருக்கிக்கொள்ளலாம். டிரம் அளவை ஜனவரியிலும் ஏப்ரலிலும் தனித்தனியே எடுக்க வேண்டும், மட்டம் இறங்க இறங்கத் தள்ளும் நீர் குறையும். பயிர்ப் பரப்புக்கு வி.ஏ.ஓ.விடம் உள்ள அடங்கல் என்ற பயிர்ப் பதிவேடு கைகொடுக்கும், ஆனால் அதில் உள்ள பயிரும் வயலில் உள்ள பயிரும் ஒன்றா என்று ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் முடிவதால் ஜனவரி அளவுதான் நமக்கு வரவுப் புத்தகம். நவரைக்குப் பலர் அதற்குள் நாற்று விட்டிருப்பார்கள், எனவே டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே ஒரு முன்கணக்கு வேண்டும். ஜனவரி 26 கிராம சபையில் அதை வைக்கலாம். மார்ச் 22 கிராம சபை, தண்ணீர் தினத்துக்கென்றே 2022-ல் சேர்த்தது, சொர்ணவாரியை முடிவுசெய்யச் சரியான நேரம்.

மறைவான செலவுகள்: அளப்பவருக்கு மாதம் நான்கைந்து நாள் போகும், அதற்குக் கூலி ஒதுக்காவிட்டால் ஆறாவது மாதம் நோட்டுப் புத்தகம் வெறுமையாக இருக்கும். நெல்லுக்கு நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, உளுந்துக்கும் கேழ்வரகுக்கும் அந்த உறுதி எல்லா ஊரிலும் இல்லை. பயிரை மாற்றுபவர் விலைச் சூதாட்டத்தையும் சேர்த்து ஏற்கிறார். சொட்டுநீருக்குச் சிறு குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம் மானியம் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மிச்சமான நீரில் இன்னும் ஓர் ஏக்கர் சேர்த்துப் போட்டால் படுகைக்கு எதுவும் மிச்சமில்லை. ஊர்க் கணக்கில் பரப்பையும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எப்போது பொருந்தும்: நீரை எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள், நீரும் ஊருக்குள்ளேயே நிற்கிறது என்றால். பாறைப் பகுதியின் சிறு குண்டுகளுக்கு இது கச்சிதம். பத்து ஊர் பகிரும் ஆற்றுப் படுகையில் ஓர் ஊர் மட்டும் செய்தால், மிச்சம் பிடித்தது அடுத்த ஊருக்குப் போகும்.

## வழி 3: நகரத்துக்கு நீர் விற்கும் ஒப்பந்தம்

மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் 1960-களின் பிற்பகுதி ஆய்வுகளில் கண்டறியப்பட்டவை. பூண்டி, கன்னிகைப்பேர் பின்னால் வந்தவை. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி எடுத்ததில் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்க வறட்சியிலிருந்து குடிநீர் வாரியம் இன்னொரு முறையையும் பிடித்தது: திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் பாசனக் கிணறுகளையே வாடகைக்கு எடுத்து நீர் வாங்குவது. 2017-லும் 2019-லும் அது மறுபடி நடந்தது.

கேட்டவுடனே இதைத் துரோகம் என்பவர்களும் உண்டு, வரப்பிரசாதம் என்பவர்களும் உண்டு. மேலே போட்ட கணக்குப்படி இரண்டும் அல்ல. நெல் போடாமல் அந்த நீரை விற்பது படுகைக்குக் கேடா என்பது எவ்வளவு விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஏக்கருக்கு 31.6 லட்சம் லிட்டருக்குள் விற்றால் படுகைக்கு நட்டமில்லை. 48.6 லட்சத்தையும் விற்றால், திரும்ப வேண்டிய 17 லட்சம் லிட்டர் அக்கம்பக்கத்தார் கிணற்றிலிருந்து போகிறது. விற்றுக்கொண்டே நெல்லும் போட்டால் சொல்ல வேண்டியதில்லை. நடைமுறையில் நடப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான், காரணம் மணிக்கணக்கில் பணம் தரும்போது மோட்டாரை நிறுத்த யாருக்கும் கை வராது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நான்கு நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள். பணம் மணிக்கு அல்ல, மீட்டரில் ஓடிய லிட்டருக்கு. பக்கத்தில் விற்காத ஒரு கிணற்றைக் குறித்து, அதன் மட்டம் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கினால் எடுப்பு நிற்க வேண்டும். கடலோர ஊர்களில் மின்கடத்துத் திறனுக்கும் (நீரில் உப்பு ஏற ஏற இதுவும் ஏறும்) ஒரு நிறுத்தக் கோடு: நல்ல நீர் 750 மைக்ரோசீமன்சுக்குள் இருக்கும், 2,250-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து, தொடர்ந்து மூன்று அளவுகள் ஏறுமுகமானால், 2,250 வரும்வரை காத்திருக்காமல் நிறுத்த வேண்டும். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. நான்காவது, விற்பனைத் தொகையில் ஒரு பங்கு ஊர் நிதிக்கு.

அந்த நான்காவதைப் பலர் தட்டிக்கழிப்பார்கள். ஆனால் நிலம் சும்மா கிடக்கும் போகத்தில் நடவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. கிணற்றுக்காரருக்கு வரும் பணத்தில் கூலிக்காரருக்குப் பங்கில்லை. குத்தகைதாரருக்குப் போகமே இல்லை. ஊர்ச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

தனியார் லாரிக்கு விற்பது வேறு கதை. இலவச விவசாய இணைப்பில் எடுத்து விற்றால் அது வேறு நோக்கத்துக்கான பயன்பாடு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின் கீழ் உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கலாம்.

எப்போது பொருந்தும்: தடித்த மணல் படுகை, நகரம் தவிக்கும் ஓராண்டு, மீட்டரும் நிறுத்தக் கோடும் எழுத்தில். பாறை ஊரில் வேண்டாம். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் என்றாலும் வேண்டாம்.

## வழி 4: மிச்சமான மின்சாரத்துக்குப் பணம்

பஞ்சாபில் 2018-ல் தொடங்கிய திட்டம் எளிமையானது. மோட்டார் குதிரைத்திறனுக்கு ஏற்ப மாதத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒதுக்கீடு. மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வங்கிக் கணக்கில். தாண்டினால் கட்டணம் இல்லை. குஜராத்தில், கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் 2016-ல், சூரிய பம்பு வைத்த விவசாயிகள் கூட்டுறவு அமைத்து மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். பயிர் விளைவதுபோல் மின்சாரமும் விளைந்து காசானால் மோட்டாரை வீணாக ஓட விட மாட்டார்கள் என்பது இதன் தர்க்கம். மின்வாரியத்தோடு இணைக்காத சூரிய பம்பு இதற்கு நேர்மாறு: பகல் முழுக்க இலவசமாக ஓடும், நிறுத்த ஒரு காரணமும் இருக்காது.

ஒரு நுணுக்கம் உண்டு. மின்சாரம் நீருக்குச் சரியான அளவுகோல் அல்ல. 40 சதவீதத் திறனுள்ள பம்பு 20 மீட்டரிலிருந்து தூக்கினால் ஒரு யூனிட்டுக்கு 7,300 லிட்டர்; 40 மீட்டரிலிருந்து என்றால் 3,700. ஆழக் கிணற்றுக்காரர் பாதி நீருக்கு அதே யூனிட்டைச் செலவிடுகிறார். எல்லோருக்கும் ஒரே ஒதுக்கீடு என்றால் ஆற்றோரத்தவருக்கு லாபம், மேட்டுக்காரருக்கு நட்டம்.

இங்கே இதன் பெரிய தடை மீட்டர் என்ற சொல். மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற அச்சம், 2003-ல் இலவசத்தை எடுத்துவிட்டுப் பிறகு திரும்பக் கொடுத்ததைப் பார்த்த தலைமுறைக்குக் காரணமில்லாத அச்சம் அல்ல. அரசு முதலில் பணத்தைப் போட்டுவிட்டு மீட்டரைப் பேசினால் மட்டுமே இது நகரும்.

எப்போது பொருந்தும்: அரசே முன்வந்தால். விவசாயிகள் தாமாகத் தொடங்கக்கூடிய வழி அல்ல இது.

## வழி 5: ஊர் வகுத்த அளவுக்கு அரசின் கையெழுத்து

அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலம் 2012-ல் சட்டத்தைத் திருத்தி, விவசாயிகளே எல்லையையும் குறைப்பையும் முன்மொழிந்தால் மாநிலத்தின் தலைமைப் பொறியாளர் அதை ஆணையாக்கலாம் என்று வைத்தது. ஷெரிடன் என்ற பகுதியில் 2013 முதல் ஐந்தாண்டுக்கு, வயலில் நிற்கும் ஆழமாகக் கணக்கிட்டு, 55 அங்குல நீர் என்ற ஒதுக்கீடு, பழைய எடுப்பைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. ஆண்டுக்கு 11 அங்குலம் என்று கட்டாமல் ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கொடுத்ததுதான் இதன் நுட்பம்: வறண்ட ஆண்டில் கூடுதலாக எடுத்து, மழை ஆண்டில் ஈடுகட்டலாம். விளைச்சல் சற்றுக் குறைந்தாலும் செலவும் குறைந்ததால் வருமானம் பெரிதாக அடிபடவில்லை. 2018-ல் அதையே தொடர்ந்தார்கள்.

வழி 2-இன் ஒப்புதலும் வழி 1-இன் தண்டனையும் இதில் சேர்கின்றன. குறுக்கே நிற்பவை இரண்டு: அங்கே ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் உண்டு, இங்கே இல்லை; அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் சிலர், இங்கே ஒரு ஏக்கரும் அரை ஏக்கருமாக நூற்றுக்கணக்கானவர்கள். தவிர, தமிழ்நாட்டின் 2000-ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வரும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஏரி, கால்வாய்ப் பாசனத்துக்கானவை, கிணற்றுக்கு அல்ல. ஏழு மாநிலங்களுக்கு 2019-ல் தொடங்கிய அடல் பூஜல் திட்டத்திலும் தமிழ்நாடு இடம்பெறவில்லை. எனவே இன்றைக்கு முழு வடிவில் இது கிடைக்காது. அரை வடிவில் செய்யலாம்: ஒரே படுகையின் ஊராட்சிகள் ஒரே வாசகத்தில் கிராம சபைத் தீர்மானம் போட்டு, மூன்று ஆண்டு நீர்மட்டக் கணக்கையும் இணைத்து, புதிய வணிக உரிமங்களைத் தரக்கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பது. வெறும் மனுவைவிட எண்கள் உள்ள மனு வலுவானது, நீதிமன்றத்திலும்கூட.

## ஒரே பார்வையில்

| | எல்லை பொருந்துமா | அளவு | வெளியாளைத் தடுக்குமா | ஏழையின் சுமை | வறண்ட ஆண்டில் |
|---|---|---|---|---|---|
| உரிமம் | குறுவட்டச் சராசரி | மோசம் | ஆம், தாளிலாவது | குறைவு | தளரும் |
| ஊர்க் கணக்கு | பாறையில் நன்று | நன்று | இல்லை | நடுத்தரம் | கணக்கு இருந்தால் நிற்கும் |
| விற்பனை | கிணறு அளவில் மட்டும் | மீட்டர் கேட்டால் | இல்லை | மிக அதிகம் | அப்போதுதான் நெருக்கடி |
| மின் ஊக்கத்தொகை | மின் பாதை எல்லை | மின்சாரத்துக்கு நன்று, நீருக்குத் தோராயம் | இல்லை | கிணறில்லாதவருக்குப் பங்கில்லை | பலன் குறையும் |
| கூட்டு ஒதுக்கீடு | நன்று | மீட்டர் கட்டாயம் | ஆம் | வகுக்கும் விதத்தில் | ஐந்தாண்டுக் கணக்கு தாங்கும் |

தடுப்பணையும் ஏரி தூர்வாருவதும் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். குடிமராமத்து நல்ல வேலை, செய்யுங்கள். ஆனால் அது வரவைக் கூட்டும், பங்கைப் பிரிக்காது. புதிய தடுப்பணைக்குப் பக்கத்தில் இரண்டே ஆண்டில் புதிய போர்கள் முளைப்பதைப் பார்க்காதவர் யார்?

## எந்த ஊருக்கு எது

ஆரணி, கொசஸ்தலை மணல் படுகை ஊர்கள்: பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து வழி 2-ஐத் தொடங்கி, வழி 5-இன் அரை வடிவத்துக்குப் போங்கள். நகரம் நீர் கேட்டால் மேலே சொன்ன நான்கு நிபந்தனைகளோடு வழி 3. உங்கள் முதல் எதிரி லாரி அல்ல, இரண்டாம் நெல் போகம் என்பதை ஒப்புக்கொண்டால் கூட்டம் சீக்கிரம் முடியும்.

மீஞ்சூர், பொன்னேரி கடலோரமும், தெற்கே திருவான்மியூர் முதல் கோவளம் வரையான மணல் திட்டும்: நீர்மட்டத்தைவிட உப்பை அளப்பது முதல் வேலை. வணிக எடுப்புக்கு எதிராக வழி 1-ஐ முழு மூச்சாகப் பிடியுங்கள்.

செங்கல்பட்டு, மதுராந்தகம் பாறை ஊர்கள்: வழி 2, ஊர் அளவிலேயே. லாரிக்கு ஒரு நடைகூட வேண்டாம்.

எந்த ஊரானாலும் இந்த டிசம்பரில் செய்யக்கூடியவை: பத்துக் கிணறு, ஒரு டேப், ஒரு மழைமானி, ஒரு மின்கடத்துத் திறன் மானி, அளப்பவருக்குக் கூலி. தரமணியில் உள்ள நீர்வளத் துறையின் நிலநீர்த் தரவு மையம் உங்கள் பகுதியில் கண்காணிப்புக் கிணறு வைத்திருக்கிறதா என்று கேட்டு, அதன் பழைய அளவுகளை எழுத்துமூலம் வாங்குங்கள். உங்கள் நோட்டும் அந்தக் கணக்கும் வேறுபட்டால் இரண்டையும் அப்படியே கிராம சபையில் வையுங்கள். திருத்தி ஒன்றாக்கிக் காட்ட வேண்டாம்.